காலைக் காட்சியில் ஒரு துட்டி

காலைக் காட்சி முடிந்து வெளியே வருகிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

மாலைக் காட்சி என்றால் பரவாயில்லை. இருட்டில் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடலாம். காலைக் காட்சி விடுவது மதியம் இரண்டு மணிக்கு. கோவில்பட்டி வெயிலில் அந்த நேரத்தில் ஒருவன் கண் சிவந்திருப்பது எதிர்ச் சாரியில் டீ ஆற்றிக்கொண்டிருப்பவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கண் சிவந்து மட்டும் இருக்கவில்லை, வீங்கியும் இருந்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. கைக்குட்டையைப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும்.

படத்தில் ஓர் அண்ணன். தங்கை கல்யாணத்துக்கு அவனுக்கு அழைப்பு இல்லை. மண்டபத்துக்குப் பின்னால், எச்சில் இலை கொட்டுகிற இடத்தில் நின்று கெட்டிமேளச் சத்தத்தை மட்டும் கேட்கிறான். கையில் வைத்திருந்த அட்சதையை யார் தலையில் போடுவது என்று தெரியாமல் அங்கே நின்ற நாயின் தலையில் போட்டுவிட்டு நடக்கிறான். அந்த நாய் அவனைத் திரும்பிப் பார்த்தது. நாயே பார்த்த பிறகு நான் என்ன செய்ய முடியும்?

"என்ன தம்பி, துட்டியா?"

நிமிர்ந்தேன். துரை அண்ணாச்சி. பசுவந்தனையிலிருந்து வத்தல் கொண்டுவந்து விற்கிற வியாபாரி. தோளில் அரை மூட்டை மிளகாய் வத்தலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் எந்த ஊர்க்காரராகவும் இருந்திருக்கலாம். பசுவந்தனைக்காரராக இருந்ததுதான் என் கெட்ட நேரம். அந்த ஊரில்தான் எனக்குப் பெண் பேசி முடிக்கிற தறுவாயில் இருந்தார்கள். பெண் பெயர் கோமதி. இன்னும் பத்து நாளில் பூ வைத்து உறுதி செய்வதாக ஏற்பாடு.

கோமதியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். காபி டம்ளரை நீட்டும்போது, "சூடு, பாத்துப் புடிங்க" என்றாள். என் கையைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த மூன்று வார்த்தைகளுக்காகவே அவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதற்கும் கொஞ்சம் அழுதேன்.

அப்படிப்பட்ட ஊர்க்காரரிடம், சினிமா பார்த்து அழுதேன் என்று எப்படிச் சொல்வது? சாவு வீட்டிலிருந்து வருகிறவன் போலத் தலையை ஆட்டிவிட்டேன்.

"அடப் பாவமே. யாருக்கு?"

"பெரியம்மா" என்று என் வாய் சொன்னது.

ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட வீட்டில் என்னை வளர்த்தது அம்மாவின் அக்காதான். கல் தடுக்கினாலும் தேள் கொட்டினாலும் எனக்கு முதலில் வாயில் வருவது பெரியம்மாதான். அன்றைக்கும் ஆபத்தில் அதுதான் வந்தது.

துரை அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். "மனசத் தேத்திக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, எதிரே கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஓடி ஏறினார்.

மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவர் தோளில் இருந்தது வத்தல் மூட்டை. "நெடி அண்ணாச்சி, கண்ணு எரியுது" என்று சொல்லியிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

ஆமைக்கு அழுதவன்

என் ஊர் எப்போதும்வென்றான். ஊர் பெயர் அப்படி. நான் ஒரு படத்தையும் வென்றது கிடையாது. எல்லாப் படமும் என்னை அடித்துத் துவைத்துத்தான் அனுப்பியிருக்கிறது.

சண்டைப் படத்துக்குப் போனாலும் அடி வாங்குகிறவனின் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசனை போய்விடும். நகைச்சுவைப் படத்தில், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, அந்தச் சேற்றில் விழுந்தவர் சட்டையை எப்படித் துவைத்திருப்பார் என்று வருத்தம் வந்துவிடும்.

அழுகையில் எனக்கு வகைகள் உண்டு. தொண்டையில் கட்டி மாதிரி நிற்பது ஒன்று. அது இடைவேளையில் சோடா குடித்தால் இறங்கிவிடும். ஒரு கண்ணில் மட்டும் வருவது இன்னொன்று. பக்கத்து சீட்டுக்காரர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ, அந்தக் கண்ணில்தான் வரும். மூன்றாவது வகையில் தோள் குலுங்கும். அதை மறைக்க வழியே கிடையாது.

கதைப்படம்தான் என்றில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாயத்து ஆபீஸ் டி.வி.யில் ஆமைகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் போட்டார்கள். மணலுக்குள்ளிருந்து குஞ்சுகள் வெளியே வந்து கடலைப் பார்த்து ஓடுகின்றன. மேலே பறவைகள். ஓடுகிற குஞ்சுகளில் ஒன்று மட்டும் கவிழ்ந்து, நாலு காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தது. கேமராக்காரன் பக்கத்திலேயே நின்று படம் பிடிக்கிறானே தவிர, திருப்பி விடவில்லை.

"திருப்பி விடுலே பாவி!" என்று கத்திவிட்டேன். அதோடு தோள் வகை அழுகையும் வந்துவிட்டது. ஊரே இருந்தது. அன்றிலிருந்து நான் ஊருக்குள் ஆமை. இன்றைக்கும் என் வயதுக்காரர்களிடம் போய் என் பெயரைச் சொன்னால் தெரியாது. ஆமை என்றால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள்.

பெரியம்மா என்னோடு எத்தனையோ படத்துக்கு வந்திருக்கிறாள். ஒரு சொட்டு விட்டதில்லை. திரையில் கதாநாயகி தலைவிரி கோலமாகக் கதறும்போது, வெற்றிலையை மென்றுகொண்டே, "இவ சேல நல்லாருக்குலே" என்பாள். என்னைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் தீரவே இல்லை.

"அவிய துட்டு வாங்கிட்டு அழுதாவ. நீ துட்டு குடுத்துட்டு அழுத. ஒனக்கு என்னலே வந்துச்சு?"

அடுத்த வாரமும் துட்டு கொடுத்துவிட்டுத்தான் அழுவேன்.

அழுகை முதலில், விவரம் பிறகு

வடமாவட்ட வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீடு துட்டி வீடு. அங்கே போய்த் துக்கம் விசாரிப்பது துட்டி கேட்பது.

அதற்கு ஒழுங்குமுறை இருக்கிறது. வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடக் கூடாது. போகிறவர்கள் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும் சரி.

பெண்கள் தெருமுனையிலேயே அழுகையைத் தொடங்கிவிடுவார்கள். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுப் பெண்களைக் கட்டிப் பிடித்து, தலையோடு தலை முட்டி அழுவார்கள். அதுதான் முதல் வேலை. என்ன சீக்கு, எப்போது போனது, யார் பக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் மூக்கைச் சிந்திய பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல வழக்கம். ஆனால் என் வாழ்க்கையைக் கவிழ்க்கப் பார்த்தது இதுதான்.

மாலையோடு வந்த வேன்

அன்று சாயங்காலம் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து, சுளகில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். கண் வீக்கம் வற்றட்டும் என்று நான் இன்னும் கோவில்பட்டியில். பெரியம்மாவைக் கொன்றுவிட்ட குற்ற உணர்ச்சியில் அவளுக்குக் காராச்சேவு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஆகவே நடந்ததை எல்லாம் பெரியம்மாவும் எதிர் வீட்டுக்காரர்களும் சொல்லக் கேட்டதுதான்.

தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். இறங்கும்போதே அழுகை. முன்னால் வந்தது கோமதியின் அம்மா. முந்தானை முகத்தில் இருந்தது. பின்னால் ஆண்கள். எல்லாருக்கும் பின்னால் கோமதியின் அப்பா கருத்தையா மாமா, கையில் ஒரு ரோஜாப்பூ மாலையோடு.

பெரியம்மா அவர்களை அடையாளம் கண்டுகொண்டாள். பெண் பார்க்கப் போய் வந்தவள்தானே. பசுவந்தனை வீட்டார் இப்படித் தலையில் அடித்துக்கொண்டு வந்தால் என்ன அர்த்தம்? அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது.

சுளகைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினாள். "ஏ ஆத்தா, கண்ணுக்குள்ளயே நிக்காளே! இந்த வீட்டுக்கு வெளக்கேத்த வருவான்னு இருந்தேனே!" என்று கோமதியின் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

சினிமாவில் ஒரு சொட்டு விடாத பெரியம்மா அன்றைக்குத் தெருவில் விழுந்து புரண்டாளாம். வந்த பெண்கள் அவளைச் சுற்றி வளைத்து, தலையோடு தலை முட்டி, கால்மணி நேரம் அழுதார்கள். பெரியம்மா கோமதிக்காக அழுதாள். மற்றவர்கள் பெரியம்மாவுக்காக அழுதார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், என்ன ஏது என்று தெரியாமலே வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மூக்குச் சிந்துகிற கட்டம் வந்தது. பெரியம்மா விக்கிக்கொண்டே விவரம் கேட்டாள்.

"கோமதிக்கு என்ன தாயி ஆச்சு?"

"கோமதிக்கு என்ன? அவ வீட்டுலதான் இருக்கா. நீங்கதான..." என்று சொல்லிக்கொண்டே கோமதியின் அம்மா முந்தானையை விலக்கினாள்.

செத்துப்போன சம்பந்தியம்மா அவள் முகத்துக்கு நேராக மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அலறல் நாகலாபுரம் வரைக்கும் கேட்டதாக எதிர் வீட்டுக்காரர் சொல்லுவார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுகிறார்.

நான் காராச்சேவுப் பொட்டலத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது, தெருவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கருத்தையா மாமா மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, இங்கன வாங்க. பெரியம்மா போயிட்டாவன்னு துரைகிட்டச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா மாமா."

"ஏன் சொன்னீய?"

"அழுதுட்டு வந்தேன். துட்டியான்னு கேட்டாவ. வெக்கமா இருந்துச்சு, ஆமான்னுட்டேன்."

"எதுக்கு அழுதீய?"

"படம் பாத்து."

"என்ன படம்? யாரு போட்டோ?"

"சினிமா மாமா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு இருநூறு செம்மறி ஆடுகள். கரிசல் காட்டில் அறுவடை முடிந்ததும் நிலக்காரர்கள் அழைத்து, ஆட்டு உரத்துக்காக அவருடைய மந்தையைக் காட்டில் தங்க வைப்பார்கள். அதைத்தான் கிடை என்போம். ஆட்டின் பல்லைப் பார்த்தே வயது சொல்லுகிறவர். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"ஆம்பளப்பய சினிமா பாத்து கண்ணு வீங்குத அளவுக்கு அழுவானா? இதுல வேற என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. அந்த மாலையைக் கடைசியில் எங்கள் வீட்டு ஆடு தின்றது.

கிடையில் விட்டுப் பார்ப்பது

வேற என்னமோ என்றால் என்னவென்று பசுவந்தனையில் மூன்றே நாளில் முடிவு கட்டிவிட்டார்கள். நான் யாரையோ காதலித்துக் கைவிடப்பட்டவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தியேட்டரில் போய் அதை நினைத்து அழுகிறவன். பூ வைக்கிற நாள் வந்தது, போனது. யாரும் வரவில்லை.

நான் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அந்த வாரம் பூனை லேபிளையும் மயில் லேபிளையும் மாற்றி அனுப்பி நன்றாகத் திட்டு வாங்கினேன். காபி டம்ளரும் அந்த மூன்று வார்த்தைகளும்தான் ஞாபகத்தில் இருந்தன. சினிமாவால் ஒரு நல்ல பெண்ணை இழக்கப் போகிறேன். அதற்குச் சினிமாவுக்கே போய் அழலாம் என்றால், போகவும் பயம்.

என்னைக் காப்பாற்றியது கோமதிதான். அப்பாவிடம் நேராகவே கேட்டிருக்கிறாள்.

"கெடா வாங்கும்போது ரெண்டு நாளு நம்ம கிடையில விட்டுப் பாக்கியள்லாப்பா? அது மாரி இவியளையும் ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போயிப் பாருங்க. அழுதா சொன்னது நெசம். அழலேன்னா விட்ருவோம்."

கோமதியின் அம்மாவும் சேர்ந்துகொண்டிருக்கிறாள். "அந்தப் பெரியம்மா நம்ம பிள்ளைக்காவ மண்ணுல உருண்டு அழுதாவ. அப்பிடி ஒரு வீடு கெடைக்காது, சொல்லிட்டேன்."

இந்தப் பேச்செல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு கோமதி சொல்லித் தெரிந்தவை. கிடாவோடு ஒப்பிட்டதற்கு நான் வருத்தப்படவில்லை. அவர்கள் வீட்டில் அது உசத்தியான ஒப்பீடு.

பெட்டி வரவில்லை

அடுத்த ஞாயிறு காலைக் காட்சி. கருத்தையா மாமா வெள்ளை வேட்டியில் எனக்கு முன்பே வந்து நின்றார். கையில் ஆடு மேய்க்கிற கம்பு. உள்ளே விட மாட்டோம் என்றதும் சைக்கிள் ஸ்டாண்டில் அதை நிறுத்தி டோக்கன் வாங்கிக்கொண்டார்.

ஊரிலேயே அழுகைக்குப் பேர்போன படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். பிள்ளையை வளர்க்க முடியாத தாய், ரயில்வே ஸ்டேஷனில் அவனைத் தூங்க வைத்துவிட்டு ரயிலேறுகிற கதை. முதல் ரீலிலேயே பெண்கள் பக்கம் விசும்பல் தொடங்கிவிட்டது.

மாமா திரைப் பக்கம் திரும்பவே இல்லை. சீட்டில் என்னைப் பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை.

அந்தப் பையன் விழித்தெழுந்து, "அம்மா" என்று அடுத்து வந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டியாகத் தேடினான். என் பின்னால் இருந்த போலீஸ்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு ஒன்றுமில்லை. ஆமையை நினைத்தேன். அட்சதை விழுந்த நாயை நினைத்தேன். கோமதி வேறு யாருக்கோ காபி நீட்டுவதை நினைத்தேன். பயம்தான் வந்தது, கண்ணீர் வரவில்லை. நமுத்த குச்சியை எத்தனை தடவை உரசினாலும் பற்றாது. தீப்பெட்டி ஆபீஸ்காரன் சொல்கிறேன், நம்பலாம்.

இடைவேளை விட்டார்கள். மாமா முறுக்கு வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"தம்பி, பொட்டுத் தண்ணி வரல."

"நீங்க பாத்துக்கிட்டே இருக்கிய மாமா. அதான் வரல."

"ஆடு நான் பாத்தாலும் குட்டி போடும், பாக்காட்டாலும் போடும். நெசத்தச் சொல்லிருங்க. அந்தப் பிள்ள எந்த ஊரு?"

"எந்தப் பிள்ளையும் இல்ல மாமா."

அவர் பெருமூச்சு விட்டார். கோபம்கூட இல்லை. நல்ல பயல்தான், ஆனால் சரிப்படாது என்று தள்ளிவிடுகிற பெருமூச்சு. என் கல்யாணம் அந்த முறுக்கோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். படம் தொடங்கவில்லை. அப்போதெல்லாம் ஒரே படப்பெட்டியை இரண்டு ஊர்த் தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டுவார்கள். அங்கே ஓடி முடித்த ரீலை ஒருவர் வண்டியில் கொண்டுவந்து இங்கே கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் வண்டி வழியில் பஞ்சர். கூட்டம் விசிலடித்தது. சமாளிக்க, ஆபரேட்டர் கையில் கிடந்த ஓர் அரசாங்கச் செய்திப்படத்தை எடுத்து ஓட்டினார். பாதிப் பேர் டீ குடிக்க எழுந்து போனார்கள்.

வடக்கே எங்கேயோ ஒரு வறட்சி பூமி. தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர். முன்னால் செம்மறிக் கூட்டம். "இம்மக்களின் வாழ்வாதாரமாகத் திகழ்பவை இவ்வாடுகளே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் பாடம் நடத்தியது.

மாமா முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார்.

"நல்ல ஆடு. காலு நீளம்" என்றார். கொஞ்ச நேரத்தில், "அந்தக் கடைசிக் குட்டிக்குக் கழிச்சல். நடையப் பாத்தாலே தெரியுதுல்லா" என்றார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏ பெரியவரே, அங்கிட்டு ஓட்டாதேயும்! அங்கன பச்ச இல்ல!"

"அண்ணாச்சி, அவருக்குக் கேக்காது, உக்காருங்க" என்றார் பின்னாலிருந்த போலீஸ்காரர்.

"கேக்காட்டாலும் சொல்லணும்லா!"

கிழவர் கேட்கவில்லை. போன இடத்தில் கிணறு வறண்டிருந்தது. அடுத்து ஒரு லாரி வந்தது. ஆடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏற்றினார்கள். குட்டிகள்கூட ஏறிவிட்டன. கடைசியில் ஒரு தாய் ஆடு மட்டும் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றியது. கிழவரே வந்து அதைத் தூக்கினார். பிள்ளையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தார்.

லாரி போய்விட்டது. கிழவர் கம்போடு நின்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில், மந்தையைத் திருப்பக் கொடுக்கிற குரலை ஒரு தடவை கொடுத்தார். திரும்பிப் பார்க்க ஆடு இல்லை.

பக்கத்தில் அதே மாதிரி ஒரு குரல் கேட்டது. மாமாவின் தொண்டையிலிருந்து பாதி வந்து நின்றுவிட்டது. உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. என்னுடைய மூன்றாவது வகை.

"ரெண்டு வருசம் மழ இல்லாம போச்சுல்லா, கோமதி சின்னப்பிள்ள அப்பம். நானும் இப்பிடித்தான் ஏத்திவிட்டேன் தம்பி. லாரி பின்னாலயே மெயின்ரோட்டு வெலக்கு வரைக்கும் நடந்தேன். வீட்டுல வந்து வயித்து வலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன்."

இவ்வளவு நாளாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அழவும் இல்லை. வயிற்று வலி என்று பொய்தான் சொல்லியிருக்கிறார்.

அவரைப் பார்த்துதான் எனக்கு வந்தது. திரையைப் பார்த்து அல்ல. வந்தது வந்ததுதான், நிற்கவே இல்லை. ஆமை, நாய், ரயில்வே ஸ்டேஷன் பையன் என்று பாக்கி இருந்த எல்லாருக்கும் சேர்த்து வந்தது. மாமா தன் துண்டின் ஒரு முனையை எனக்குக் கொடுத்தார். மறுமுனையில் அவர் முகம் துடைத்தார்.

பெட்டி வந்து படம் தொடங்கியபோது நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

"இந்த வாட்டி நெசம்"

உச்சி வெயில். சைக்கிள் ஸ்டாண்டில் கம்பை வாங்கிக்கொண்டு திரும்பினால், எதிரே துரை அண்ணாச்சி. தோளில் அதே வத்தல் மூட்டை.

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். நாலு கண்ணும் வீங்கியிருந்தன.

"என்ன சின்னையா, துட்டியா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இருநூறு ஆடு மேய்க்கிற மனிதர், வட நாட்டு ஆட்டுக்காக அழுதேன் என்று நடுரோட்டில் எப்படிச் சொல்லுவார்? வத்தல் மூட்டை கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. அவருக்கும் அது தோன்றவில்லை.

"ஆமாலே" என்றார்.

"யாருக்கு?"

"எங்க மாப்பிள்ளைக்குப் பெரியம்மா."

துரை அண்ணாச்சி சந்தேகமாகப் பார்த்தார். "அவியதான் அன்னைக்கே..."

"போன வாட்டி பொய்லே. இந்த வாட்டி நெசம்."

கருத்தையா மாமா வாயில் பொய் வராது என்பது பசுவந்தனைக்கே தெரியும். துரை அண்ணாச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.

எனக்குக் காதில் ஒரே ஒரு சொல்தான் நின்றது. அதுவரைக்கும் நான் தம்பி. பூ வைத்த பிறகுதான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவது வழக்கம்.

"மாமா, இப்பம் என்ன சொன்னீய?"

"அதெல்லாம் பெறவு. மொதல்ல அந்தப் பஸ்ஸ நிப்பாட்டுங்க மாப்பிள்ள, பாவி வேன் புடிச்சிருவான்!"

இரண்டு பேரும் ஓடினோம். பஸ் போய்விட்டது. லாரி பிடித்து எப்போதும்வென்றான் வந்து சேர்ந்தபோது நல்லவேளை வேன் வந்திருக்கவில்லை. பெரியம்மா சுளகோடு உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டாவது தடவையாகச் செத்துப்போன செய்தியை நான்தான் சொன்னேன்.

"இந்த வாட்டி யாருலே சொன்னது?"

"கருத்தையா மாமா."

"என்னன்னு சொன்னாவ?"

"எங்க மாப்பிள்ளைக்குப் பெரியம்மான்னு."

பெரியம்மா தூரத்தில் வெட்கப்பட்டு நின்ற மாமாவைப் பார்த்தாள். சுளகைத் தட்டி வைத்தாள்.

"அப்பம் செத்தது நல்லதுதாம்லே. எந்திரி, காபி போடு. சம்பந்தி வந்துருக்காவல்லா."

ஒரு போன்

எங்களுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கோமதிக்குச் சினிமா என்றால் தூக்கம். என் அழுகைச் சத்தத்தில்தான் விழிப்பாள். "முடிஞ்சிட்டா?" என்பாள்.

மாமாவும் நானும் மாதம் ஒரு படம் போவோம். திரும்பி வரும்போது பெரியம்மா வாசலிலேயே கேட்பாள்: "இன்னைக்கு நான் இருக்கேனா, போயிட்டேனா?" பசுவந்தனையில் அது ஒரு வழக்கச் சொல்லாகவே ஆகிவிட்டது. யார் கண்ணாவது சிவந்திருந்தால், "எப்போதும்வென்றான் பெரியம்மாவா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

எல்லார் கைக்கும் செல்போன் வந்த பிறகு ஒரு காலை நேரம். பெரியம்மா மல்லிச் செடிக்கு நடுவே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வந்து சொல்லி, நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் கையில் பிய்த்த மல்லி இலை இருந்தது. அந்த வாசனை என் சட்டையில் ஏறிக்கொண்டது.

முதலில் பசுவந்தனைக்குத்தான் போன் போட்டேன்.

"மாமா, பெரியம்மா போயிட்டாவ."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "என்ன மாப்பிள்ள, என்னய விட்டுட்டுப் போயிட்டியளா? என்ன படம்?"

அவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு மெதுவாகக் குறைந்தது.

"மாப்பிள்ள, அழுதியளா?"

"இல்ல மாமா" என்றேன். உண்மைதான். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்புறம், "ஏட்டி, பொறப்படு. எப்போதும்வென்றான்ல துட்டி" என்று அவர் கோமதியின் அம்மாவிடம் சொல்வது கேட்டது.

போனை வைக்கும்போது, வைக்கிறேன் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை.